உப்பு தண்ணிய இழுக்கும்

ஒன்பதாவது படிக்கும்போது அறிவியல் வாத்தியார் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லி ஒரு சோதனை கொடுத்தார். உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, மேலே ஒரு குழி எடுத்து, குழியில் உப்பைப் போட்டு வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் குழியில் தண்ணீர் நிற்கும். பாடத்தின் பெயர் சவ்வூடு பரவல். கிழங்கை முன்னால் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது நைனா வேலை முடிந்து வந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் புத்தகங்களை அவர் எட்ட நின்றே பார்ப்பார், கை பட்டால் எழுத்து அழிந்துவிடும் என்பதுபோல. அன்றைக்கு என் பக்கத்தில் குந்திக் கிழங்கைக் கையில் எடுத்தார்.

"இன்னாடா இது?"

"சயின்ஸு நைனா. உப்பு போட்டா கிழங்குக்குள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்துடும்."

அவர் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இதையா ஸ்கூல்ல சொல்லித் தராங்க? இதத்தானடா நான் தெனம் பண்றேன்."

நைனா ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் உப்பு போடுகிறவர். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பச்சையாக வந்து இறங்கும். ஈரம் போகாவிட்டால் தோல் அழுகிவிடும். அதனால் ஒவ்வொரு தோலாக விரித்து, சதைப்பக்கம் உப்பை வாரி இறைத்து, உள்ளங்கையால் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்கின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் ஓடி வாய்க்காலுக்குப் போகும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவருக்கு அதுதான் வேலை. அவர் உள்ளங்கை வெடிப்புகள் மூடி நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் மண்டியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், நம்ம வேலை என் பையன் புக்குல கீது என்று. அவரோடு உப்பு போடுகிற பாய் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அவரை வெறுமனே பாய் என்றுதான் சொல்வோம். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இன்னா தோஸ்த், மண்டிய விட்டுட்டு நீயே வாத்தியாரா போயிடு. நான் வந்து முதல் பெஞ்சில குந்திக்கறேன்" என்று வெகுநாள் வரை கிண்டல் செய்தார். நைனாவுக்கு அதில் கோபமே வரவில்லை. நான் வேலூரில் கெமிஸ்ட்ரி படித்து, ஒரு தனியார் பள்ளியில் அதையே சொல்லிக் கொடுக்கிற வேலைக்கு வந்தேன். அத்தனை படிப்பிலும் அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு கிழங்குதான்.

அதனால்தான் அதை முதலில் சொல்கிறேன்.

மலத்தோடு ரத்தம் போனதை நைனா எங்களிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் கயிறு கட்டி லுங்கியை நிறுத்துகிற அளவுக்கு மெலிந்த பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மலக்குடலில், ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேலே, கட்டி. புற்றுநோய்.

முதலில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு வைத்தார்கள், கூடவே மாத்திரை. அதன் பிறகு ஆபரேஷன். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். கட்டி இருக்கும் குடலை அறுத்து எடுத்துவிட்டு, மேல் குடலையும் கீழ்க் குடலையும் சேர்த்துத் தைப்போம். தையல் ரொம்பக் கீழே வருகிறது. அது ஆறும் வரைக்கும் அந்த வழியில் மலம் போகக் கூடாது. அதனால் சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே கொஞ்சம் எடுத்துவிட்டு, அதில் ஒரு பை மாட்டுவோம். மலம் பையில் விழும். சில மாதம் கழித்துப் பையை எடுத்துவிட்டு மூடிவிடலாம்.

நைனா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திரும்பி மூடிடுவீங்க இல்ல சார்?"

"எல்லாம் சரியா போனா மூடிடலாம்."

வெளியே வந்ததும் அவர் பாய்க்குப் போன் போடச் சொன்னார். பாய் தன் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தார். "மூடிடுவாங்களாம்" என்றார் நைனா. "உன் பொண்ணு கல்யாணத்துக்கு பை இல்லாம வந்து குந்துவேன் பாரு."

"பை இல்லாம வா. உனக்குன்னு ஒரு தேக்சா தனியா எறக்கி வெக்கறேன்" என்றார் பாய். தேக்சா என்றால் எங்கள் பக்கத்தில் பிரியாணி ஆக்குகிற பெரிய பாத்திரம்.

ஆபரேஷனுக்கு முன்னால் பீடியை விடச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டிருந்தால் தையல் ஆறாது, சளி கட்டும் என்றார்கள். நைனா இருந்த பீடிக்கட்டையெல்லாம் எடுத்துப் போய்ப் பாயிடம் கொடுத்தார்.

"எனக்கு இன்னாத்துக்கு? நான்தான் குடிக்கறதில்லையே."

"அதான் உங்கிட்ட குடுக்கறேன். கேட்டாலும் தராத."

இரண்டு முறை கேட்டாராம். பாய் தரவில்லை.

நாங்கள் பயந்த பயங்கள் நிறைய. உள்ளே போட்ட தையல் விட்டுப்போனால் மலம் வயிற்றுக்குள் கசியும், அது உயிருக்கு ஆபத்து, காய்ச்சலோ வயிற்றுவலியோ நாடித் துடிப்போ கூடினால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி சேரும், காலில் ரத்தம் கட்டும் என்றார்கள். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, குழாயில் மூச்சை உறிஞ்சிப் பந்துகளை மேலே தூக்கச் சொன்னார்கள். நைனா விடாமல் உறிஞ்சினார். ஆபரேஷன் ஆன மறுநாளே எழுந்து, ஒரு கையில் மூத்திரப் பையும் இன்னொரு கையில் என் தோளுமாக வார்டு நடையில் நடந்தார். மூன்றாவது பந்து மேலே நின்றபோது பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். நைனா வெட்கப்பட்டுக்கொண்டு, "மண்டியில மூட்ட தூக்கின மூச்சுப்பா இது" என்றார்.

தையல் விடவில்லை. சளி கட்டவில்லை. கால் வீங்கவில்லை. மூத்திரக் குழாயை எடுத்ததும் மூத்திரம் தானாகப் போனது. ஒவ்வொன்றும் தாண்டத் தாண்ட, அம்மா ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன்னால், பை மாட்டிய நோயாளிகளைப் பார்ப்பதற்கென்றே இருக்கிற சிஸ்டர் வந்தார். பையை எப்படிக் கழற்றுவது, தோலை எப்படித் துடைப்பது, ஓட்டையை எந்த அளவுக்கு வெட்டுவது என்று அம்மாவைச் செய்ய வைத்துப் பார்த்தார். கடைசியாகச் சொன்னார்.

"பெருங்குடலுக்குப் போறதுக்கு முன்னாடியே வெளிய வந்துடுது இல்லையா, அதனால ஒடம்புக்குச் சேர வேண்டிய தண்ணியும் உப்பும் பையில போயிடும். வெறும் தண்ணி மட்டும் குடிக்கக் கூடாது. ஓஆர்எஸ் பவுடர் கரைச்சுக் குடிக்கணும். கஞ்சியில, மோர்ல உப்பு போட்டுக் குடுங்க. பை தண்ணி தண்ணியா சீக்கிரம் சீக்கிரம் ரொம்பினாலோ, மூத்திரம் கம்மியாப் போனாலோ, தலை சுத்தினாலோ, காத்திருக்காதீங்க, வந்துடுங்க."

"சரிம்மா" என்றார் நைனா. நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது கோடை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பாய் முதல் நாளே வந்தார். நைனா சட்டைக்கு அடியில் புடைத்திருந்த பையைத் துண்டால் மறைத்தார். பாய் துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு, "இன்னா தோஸ்த், ரேஷன் கடைக்குக் கெளம்பிட்டியா, பையும் கையுமா?" என்றார். நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வெக்காத, தையல் இழுக்குது."

அவருக்கு வாடைதான் பெரிய கவலை. காலமெல்லாம் உப்புத் தோலோடு இருந்து அவர் மூக்குக்கு எதுவும் தெரியாது. ஆனால் மண்டியிலிருந்து வரும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அதனால் அவர் தன் மூக்கை நம்பாமல் அம்மாவையே கேட்பார். "வாடை வருதா?" "வரல." "நெஜமா சொல்லு." "அட, வரலய்யா." மூன்று வேளையும் இந்தப் பேச்சு.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆபரேஷன் பண்ணின உடம்பு, பச்சைப் புண், பத்தியம் இருக்கணும் என்று பார்க்க வந்த சொந்தங்கள் எல்லாம் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பத்தியம் என்றால் உப்பும் புளியும் காரமும் குறைய வேண்டும். அம்மா சோற்றில் உப்பைக் குறைத்தாள். நான் சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் குழம்பிப்போய் நைனாவைப் பார்த்தாள். நைனா ஓஆர்எஸ் கரைசலை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார்.

"இதுல உப்பு கீது."

"ஆமா நைனா. அதான் மருந்து."

"உப்பு தண்ணிய இழுக்கும்டா. உள்ள போயி, ஒடம்புல கீற தண்ணியெல்லாம் இழுத்துப் பையில கொட்டிடும்."

"அப்படி இல்ல நைனா. சிஸ்டர் சொன்னாங்க இல்ல."

"அந்தப் பொண்ணு தோலுக்கு உப்பு போட்டிருக்குதா? நான் போட்டிருக்கேன். வாரி எறைச்சா அடியில தண்ணி ஆறா ஓடும். எனக்குத் தெரியாதா?" அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "நீயும்தான் கிழங்க வெச்சுக் காட்டின. உன் புக்கும் நான் சொல்றதத்தான சொல்லுது?"

என் புத்தகம் அதைத்தான் சொல்கிறது. அந்தப் பாடத்தை நான் வருஷம் தவறாமல் நடத்துகிறேன். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். அவர் சொன்னதில் தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை. குடலில் ஏன் அது வேறு மாதிரி நடக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. டாக்டர் சொன்னார், சிஸ்டர் சொன்னார், அதனால் குடிங்க என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. கெஞ்சினேன். சண்டை போட்டேன். என் திருப்திக்காக ஒரு டம்ளர் குடிப்பார். நான் பள்ளிக்கூடம் போனதும் பானைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிப்பார்.

தண்ணீர் நன்றாகக் குடிக்கணும் என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதை அவர் ஒழுங்காகச் செய்தார். மண்டியிலிருந்து, தோல் பதனிடும் டேனரிக்குப் போகும் உப்புத் தோலை அங்கே முதலில் நல்ல தண்ணீரில்தான் ஊற வைப்பார்கள், உப்பும் அழுக்கும் வெளியே போகட்டும் என்று. குடிக்கிற தண்ணீரும் உள்ளே அப்படித்தான் கழுவுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. நிறைய நிறையத் தாகம் எடுத்தது. தாகத்துக்கு மறுபடியும் குடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்கப் போன் வந்தபோது அம்மா உண்மையைத்தான் சொன்னாள். "தண்ணிக்குக் குறையே இல்லம்மா. கொடம் கொடமா குடிக்கிறாரு."

அந்த நாட்களில் அவர் ஒன்று கேட்டார். எதையுமே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆள் இல்லை அவர். அடுப்படிப் பக்கம் வந்து நின்றுகொண்டு, குழந்தைபோல, "கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பு வெக்கிறியா" என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, மசக்கைக்காரி மாதிரி. புண்ணு ஆறட்டும்."

"ஊறுகா இருந்தாலும் போதும். நாக்கு உப்பு கேக்குது."

"உப்பு ஆவாதுன்னு நீதான சொல்ற?"

அவருக்கே கூச்சமாகிவிட்டது. "ஆமா, ஆமா. நாக்குக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சித்திரை வெயில் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று வேலூர் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாலாற்று மணலைப் பார்த்தால் கண் கூசும். வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகு நனையும். நைனா கெண்டைக்காலை நீவிக்கொண்டே இருந்தார். குரக்கு இழுக்கிறது, சும்மா கிடந்து கிடந்துதான் அப்படி என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எழுந்து நின்றவர் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். கண் குழி விழுந்திருந்தது. கன்னத்துத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. நேற்றிலிருந்து மூத்திரமே சரியாகப் போகவில்லை, இதைப் போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன் என்றார்.

ஆம்புலன்ஸில் வேலூர் போகிற வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்திருந்தார். "கல்யாணத்துக்குள்ள மூடிடுவாங்க இல்ல?" என்று கேட்டார். மூடிடுவாங்க நைனா என்றேன்.

ரத்தத்தில் உப்பு ரொம்ப இறங்கிவிட்டது, தண்ணீர் வற்றிச் சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். தண்ணீர் வற்றி. குடம் குடமாகக் குடித்தவருக்கு. அம்மா நம்பவே இல்லை. டாக்டரிடம் திரும்பத் திரும்ப, "குடிச்சாரு சார், என் கண்ணெதிரே குடிச்சாரு" என்று சொன்னாள். டயாலிசிஸ் போட்டார்கள்.

பை பார்க்கிற சிஸ்டர் வந்தார். யாரையும் திட்டவில்லை. நைனா சொன்ன காரணத்தை நான் சொன்னபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நைனாவிடமே பேசினார்.

"ஐயா, நீங்க சொல்றது தோலுக்குச் சரி. கொடலுக்கு ஒரு வாசல் இருக்குது. உப்பு தனியா வந்தா அந்த வாசல் சரியா தொறக்காது. சர்க்கரை கூட வந்தா தொறக்கும். சர்க்கரை உப்போட கையைப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிடும். உப்பு உள்ள போயிட்டா தண்ணி அதுக்குப் பின்னாடியே போகும். நீங்க சொன்ன மாதிரிதான், உப்பு தண்ணிய இழுக்குது. ஆனா வெளிய இல்ல, ரத்தத்துக்குள்ள இழுக்குது. வெறும் தண்ணிய ஜாஸ்தி குடிச்சா அது இருக்கிற உப்பையும் சேத்துக்கிட்டு பைக்குப் போயிடும்."

நைனா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. கொஞ்சம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"புக்கு தப்பாடா?"

"தப்பில்ல நைனா."

"அப்ப நான்தான். நான் பாத்ததெல்லாம் செத்த தோலு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "செத்த தோலுக்கு வாசல் ஏது."

கையை என் தலையில் வைத்தார். அந்த வெடிப்புகள் இன்னும் இருந்தன.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது வயிற்றில் பையோடு ஒருவர் இருக்கலாம். அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறுகுடலை வெளியே எடுத்து வைத்திருந்தால் வெறும் தண்ணீரை நம்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த கரைசலைச் சொன்ன அளவில் கரைத்துக் கொடுங்கள். பத்தியம் என்று உப்பை நிறுத்தாதீர்கள். இதயமோ சிறுநீரகமோ கெட்டவராக இருந்தால் எவ்வளவு உப்பு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பை தண்ணீராக ஓடினால், அதைக் கட்டுப்படுத்த மாத்திரையும் அவர்களிடம் இருக்கிறது. எவ்வளவு குடித்தார் என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு மூத்திரம் போனார் என்றும் பாருங்கள். நோயாளி ஊறுகாயும் கருவாடும் கேட்டால் சிரிக்காதீர்கள். அது அவர் உடம்பு பேசுவதாக இருக்கலாம். ஏன் உப்பு என்று அவர் கேட்டால், டாக்டர் சொன்னார் என்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்த வாசலைப் பற்றிச் சொல்லுங்கள். நைனாவுக்கு அது சொன்னவுடனே புரிந்தது.

சிறுநீரகம் திரும்பும்போலத்தான் இருந்தது. மூத்திரப் பையில் கொஞ்சம் சேர ஆரம்பித்ததும் பாய் மக்கன் பேடா இனிப்போடு வந்தார். நைனாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நர்சுகளுக்குக் கொடுத்தார். ஆனால் நைனாவால் பந்து தூக்க முடியவில்லை. டப்பாவை வாயில் வைத்தால் முதல் பந்துகூட அசையவில்லை. சளி நுரையீரலில் இறங்கியது. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

இறந்த பிறகு உடம்பைத் துடைத்துக் கொடுக்கும்போது அம்மா திரைக்கு உள்ளே போனாள். நானும் போனேன். பையில் கொஞ்சம் இருந்தது. பை பார்க்கிற அதே சிஸ்டர் அதைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"அம்மா" என்று அம்மா அவரைக் கூப்பிட்டாள். தன் மகள் வயதுப் பெண்ணை. "அத மூடிடுவீங்களா? மூடிடுவாங்க, மூடிடுவாங்கன்னே சொல்லிக்கினு இருந்தாரு."

சிஸ்டர் பஞ்சும் துணியும் மடித்து வைத்து, அதன் மேல் பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக, அவசரப்படாமல், ஓரமெல்லாம் அழுத்தி அழுத்தி ஒட்டினார். வயிறு சமமாகிவிட்டது.

"மூடிட்டேம்மா" என்றார்.

அம்மா அதன் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, வேட்டியை இழுத்துவிட்டாள்.

காரியத்தன்று படையல் போட்டோம். அவருக்குப் பிடித்ததை எல்லாம் வைக்க வேண்டும். அம்மா விடிந்ததும் எழுந்து கருவாட்டுக் குழம்பு வைத்தாள். யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. படையலுக்கு வைக்கிறதை ருசி பார்க்கக் கூடாது. உப்பைக் கையால் அள்ளிப் போட்டாள். நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை போட்டாள். கிளறினாள். மறுபடியும் போட்டாள். கொஞ்ச நேரம் குழம்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இன்னொரு முறையும் போட்டாள். நான் தடுக்கவில்லை.

இலையில் வைத்துக் கும்பிட்டபின் பந்தி போட்டார்கள். பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வாய் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு சுருங்கியது, அவ்வளவு உப்பு. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் தலையைத் தூக்காமல் பிசைந்து சாப்பிட்டார். இலை காலியானதும், "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

அம்மா ஊற்றினாள். "நல்லா கீதா அண்ணே?"

"ரொம்ப நல்லா கீது."

அவர் அதையும் சாப்பிட்டார். மற்றவர்களும் சாப்பிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு அம்மா கடைசியாக உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"ஏன்டா யாருமே சொல்லல?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தட்டை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த குழம்பையெல்லாம் வழித்து ஊற்றிப் பிசைந்தாள்.

"கேட்டாரு" என்றாள். "அடுப்பாண்ட வந்து நின்னுக்குனு கேட்டாருடா."